வெற்று வரி எதற்கு? பைத்தான் ப்ராம்ப்ட்டில் லூப் எழுதும்போது நடப்பது

ஃபைலில் எழுதி ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிற நாலு வரி. அதையே ஒவ்வொன்றாகப் பைத்தான் ப்ராம்ப்ட்டில், அதாவது தட்டியதை அப்போதே ஓட்டிக் காட்டும் திரையில், தட்டினால் ‘சின்டாக்ஸ் எர்ரர்’ (இலக்கணப் பிழை) என்று வந்து நிற்கும். ரங்கூனில் சாயங்கால வேளைகளில் நம் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிற யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது: “சயா, ஒரு எழுத்துகூட மாத்தலையே, ஏன் இங்க மட்டும் தப்புங்குது?”

“இன்னொரு தடவை என்டர் தட்டு, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதுதான் வழக்கம். சரியாகத்தான் ஆகும். ஆனால் காரணம் தெரியாமல் தட்டிய என்டர் அடுத்த வாரமே வேறொரு இடத்தில் காலை வாரிவிடும். பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதில் சொன்னால் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை), இன்டென்ட் (வரியை உள்ளே தள்ளி எழுதுவது), நிரலை நகலெடுத்து ஒட்டும்போது வரும் சிக்கல், திரையில் திடீரென்று முளைக்கும் எண்கள் எல்லாமே ஒரே காரணத்தில் முடிச்சுப் போட்டிருப்பது தெரியவரும்.

கடை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான கணக்கையே எடுத்துக்கொள்வோம். பர்மாவில் சந்தைக் கணக்கு இன்றும் வீசையில்தான். ஒரு வீசை சுமார் 1633 கிராம். ஒன்று முதல் ஐந்து வீசை வரை கிராமில் எவ்வளவு என்று ஒரு பட்டியல் வேண்டும். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் ‘வீசை’ என்ற பெயரை அப்படியே தட்டலாம். மற்ற கட்டளைச் சொற்களை இங்கே ஒலி பார்த்துத் தமிழில் தருகிறேன். தட்டும்போது அவற்றுக்கு ஆங்கில எழுத்துதான்.

>>> ஃபார் வீசை இன் ரேஞ்ச்(1, 6):
...     பிரிண்ட்(வீசை, வீசை * 1633)
...
1 1633
2 3266
3 4899
4 6532
5 8165

முதல் வரியில் இருக்கும் மூன்று கூர்முனைகள் ‘புதுசாக ஒன்று சொல்லு’ என்பதற்கான அடையாளம். முக்காற்புள்ளியோடு வரி முடிந்ததும் ப்ராம்ப்ட் மூன்று புள்ளிகளாக மாறிவிடுகிறது. ‘நீ சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை, காத்திருக்கிறேன்’ என்று அதற்குப் பொருள். மூன்றாவது வரியில் ஒன்றுமே தட்டாமல் என்டர் அடித்த பிறகுதான் லூப் ஓடத் தொடங்கியது.

இப்போது மொத்தத்தையும் கூட்ட ஆசைப்படுகிறோம். ஃபைலில் எழுதுகிற பழக்கத்தில் இப்படித் தட்டுவோம்:

>>> மொத்தம் = 0
>>> ஃபார் வீசை இன் ரேஞ்ச்(1, 6):
...     மொத்தம் += வீசை * 1633
... பிரிண்ட்(மொத்தம்)

பைத்தான் 3.12 வரைக்கும் இதற்குக் கிடைப்பது சின்டாக்ஸ் எர்ரர்தான். அம்புக்குறி ‘பிரிண்ட்’ என்ற சொல்லைக் காட்டும். அந்தச் சொல்லில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளை அதையே உற்றுப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்து, அடைப்புக்குறியை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லூப் ஒரு சுற்றுகூட ஓடவில்லை. ‘மொத்தம்’ இன்னும் பூஜ்யம்தான். கடைசி வரியால் வந்த பிழை முன்னால் இருந்த நல்ல வரிகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டது.

ஏன்? ப்ராம்ப்ட் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கூற்றைத்தான், அதாவது ஒரு முழுக் கட்டளையைத்தான், வாங்கும். ஒரு ஃபைல் என்பது கூற்றுகளின் வரிசை. லூப்புக்குப் பின் இன்னொரு கூற்று வந்தால், ‘சரி, லூப் முடிந்தது, இது அடுத்தது’ என்று பைத்தான் நகர்ந்துவிடும். ப்ராம்ப்ட்டுக்கான இலக்கணம் வேறு. பைத்தானுக்குள் நிரலை ஓடத்தக்கதாக மாற்றும் ‘கம்பைல்’ என்ற செயற்கூற்றுக்கே மூன்று பாங்குகள் உண்டு. முழு ஃபைலுக்கு ‘எக்ஸெக்’, 2 + 3 போன்ற ஒற்றைக் கோவைக்கு ‘எவால்’, ப்ராம்ப்ட்டுக்கு ‘சிங்கிள்’. இந்தச் சிங்கிள் பாங்கில் ஒரு லூப்புக்குப் பின்னால் வரக்கூடியது வெற்று வரி மட்டும்தான். அந்த இடத்தில் ‘பிரிண்ட்’ வந்ததால், அந்த இடத்தைக் காட்டித் தப்பு என்கிறது. சொல்லில் குற்றமில்லை, வந்த இடத்தில்தான் குற்றம்.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். லூப்பின் உடல் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) எங்கே முடிகிறது என்பதைப் பைத்தானில் இன்டென்ட் மட்டும்தான் சொல்கிறது. வரி உள்ளே தள்ளி எழுதப்பட்டால் உடல் தொடங்கியது, வெளியே வந்தால் முடிந்தது. முடிவுக்கென்று ஒரு குறியோ சொல்லோ கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆய்வு நிறுவனத்தில் ஏபிசி என்ற மொழியில் வேலை செய்த குய்டோ வான் ரோசம், அதன் இன்டென்ட் முறையைத் தன் மொழிக்குக் கொண்டுவந்தார். 1991-இல் பைத்தான் வெளிவந்தது. படிப்பதற்கு இதைவிட அழகான ஏற்பாடு இல்லை என்பது என் எண்ணம். தொடக்கநிலைப் பிள்ளைகள் எழுதும் பைத்தானைக்கூட எளிதாகப் படித்துவிட முடிவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை ப்ராம்ப்ட்தான் கொடுக்கிறது. உடல் முடிந்ததை அடுத்த வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஃபைலில் அடுத்த வரி ஏற்கனவே இருக்கிறது. ப்ராம்ப்ட்டிலோ அடுத்த வரி இன்னும் தட்டுகிறவரின் மனசில்தான் இருக்கிறது. பைத்தானால் ஊகிக்க முடியாது. அதனால் ஓர் ஒப்பந்தம்: முழுவதும் காலியான ஒரு வரி வந்தால், சொல்ல வந்தது முடிந்தது என்று வைத்துக்கொள். ஃபைலில் எந்த மதிப்பும் இல்லாத வெற்று வரி, ப்ராம்ப்ட்டில் முற்றுப்புள்ளி ஆகிவிடுகிறது.

மற்ற மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தட்டியதைப் படித்து, கணக்கிட்டு, விடையைக் காட்டி, மறுபடி காத்திருக்கும் இந்த முறையே லிஸ்ப் என்ற பழைய நிரல்மொழிக்காரர்களிடமிருந்து வந்தது. 1964-இல் பிடிபி-1 என்ற கணினிக்கு எழுதப்பட்ட லிஸ்ப்பிலேயே அது இருக்கிறது. லிஸ்ப்பில் எல்லாமே அடைப்புக்குறிக்குள். திறந்ததும் மூடியதும் சமமானால் முடிந்தது, அவ்வளவுதான்.

1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலை) எழுதிய ஸ்டீவன் போர்ன், அல்கால் 68 மொழியின் ரசிகர். ‘இஃப்’ என்று தொடங்கினால் அதையே திருப்பிப் போட்டு ‘ஃபை’ என்று முடிப்பார். அந்தக் கணக்கில் ‘டூ’ என்று தொடங்கும் லூப்பும் அதைத் திருப்பிப்போட்ட ‘ஓடி’-யில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் யூனிக்ஸில் ஏற்கனவே ஒரு கட்டளை இருந்தது. அதனால் ‘டன்’ ஆயிற்று. எப்படியானாலும் முடிவுக்கு ஒரு சொல் இருக்கிறது. அதன் வழிவந்த பாஷ் ஷெல்லில் லூப் எழுதினால் ஒற்றைக் கூர்முனையோடு அது காத்திருக்கும், ‘டன்’ வந்ததும் ஓடிவிடும். நடுவில் பத்து வெற்று வரி விட்டாலும் கவலைப்படாது.

அதே 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் உருவாக்கிய பேசிக், வரிக்கு எண் கொடுக்கச் சொன்னது. பின்னால் வீட்டுக் கணினிகளில் வந்த பேசிக்கில், எண் போட்ட வரி நினைவில் தங்கும், எண் இல்லாத வரி அப்போதே ஓடும். லூப் முழுவதையும் முக்காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் தட்டிவிடலாம்.

தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியிலும் முடிவுக்குச் சொல் உண்டு. நம் வீசைக் கணக்கு அதில் இப்படி இருக்கும்:

வீசை = 1
@( வீசை <= 5 ) வரை
    பதிப்பி வீசை, வீசை * 1633
    வீசை = வீசை + 1
முடி

‘முடி’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் உடல் எங்கே முடிகிறது என்ற சந்தேகமே எழாது. எழிலை உருவாக்கப் பயன்பட்டதே பைத்தான்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது பைத்தான் வழியில் போகவில்லை. வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் போதும், வெற்று வரி எதற்கு என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

குறியோ சொல்லோ இருந்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீர்ந்தது என்றும் இல்லை. புள்ளியியலுக்குப் பயன்படும் ஆர் மொழியில் நெளிவு அடைப்புக்குறி இருக்கிறது. இருந்தும், ‘இஃப்’ பகுதியை மூடி என்டர் தட்டிவிட்டு அடுத்த வரியில் ‘எல்ஸ்’ எழுதினால் ப்ராம்ப்ட்டில் பிழை வரும். மூடியதோடு கூற்று முழுமையாகிவிட்டது என்று அது ஓட்டி முடித்திருக்கும், பின்னால் வரும் ‘எல்ஸ்’ அநாதையாகிவிடும். பைத்தானிலும் இதே நிலைமை உண்டு. ‘இஃப்’ பகுதிக்கும் ‘எல்ஸ்’-க்கும் நடுவில் அழகுக்காக ஒரு வெற்று வரி விட்டால் ‘இஃப்’ தனியாக ஓடிவிடும், ‘எல்ஸ்’ பிழையாகும்.

இங்கேதான் ஒட்டுவதில் வரும் சிக்கல் தொடங்குகிறது. நம் ஊரில் பாடம் பாதி வைபரில்தான் நடக்கிறது. ஒருவர் நிரலை எழுதி அனுப்புவார், மற்றவர் நகலெடுத்து ப்ராம்ப்ட்டில் ஒட்டுவார். அந்த நிரலின் நடுவில் படிக்க வசதியாக ஒரு வெற்று வரி இருந்தால் பழைய ப்ராம்ப்ட் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டு அதுவரை வந்ததை ஓட்டிவிடும். மிச்ச வரிகள் உள்ளே தள்ளியிருப்பதால் ‘எதிர்பாராத இன்டென்ட்’ என்று பிழைகள் வரிசையாகக் கொட்டும். தீர்வு எளிது. நடுவில் இருக்கும் வெற்று வரியில் ஒரு இடைவெளியோ, ஹேஷ் குறியோடு ஒரு குறிப்போ இருந்தால் பைத்தான் அதை முடிவாகக் கருதாது. முழுவதும் காலியாக இருந்தால்தான் முடிவு.

செய்தி வழியாக வரும் நிரலில் இன்னும் சில தொல்லைகள் உண்டு. மேற்கோள் குறிகள் வளைந்துபோயிருக்கும். வரித் தொடக்கத்து இடைவெளிகள் காணாமல் போயிருக்கும், அல்லது பார்வைக்கு இடைவெளி போலவே இருக்கும் வேறொரு எழுத்தாக மாறியிருக்கும். படமாக எடுத்து அனுப்பி, பார்த்துத் தட்டச் சொல்வது மேல். தட்டினால்தான் விரலுக்கும் பழகும்.

லேப்டாப் இல்லாமல் ஃபோனில் டெர்முக்ஸ் என்ற ஷெல் செயலியைப் போட்டுப் பழகுகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே தள்ள நாலு இடைவெளி விடுவது மரபுதான், கட்டாயம் இல்லை. ப்ராம்ப்ட்டில் ஒரே ஒரு இடைவெளி போதும், உடல் முழுக்க அதே அளவு இருந்தால் சரி. டேபையும் இடைவெளியையும் மட்டும் கலக்காதீர்கள்.

அடுத்து, திரையில் முளைக்கும் எண்கள். விலைப்பட்டியலை ஒரு ஃபைலில் எழுத லூப் போடுகிறோம். உடலில் ‘ரைட்’ மட்டும்தான் இருக்கிறது, ‘பிரிண்ட்’ எங்கும் இல்லை. ஆனாலும் ஓடும்போது 4, 4, 4 என்று எண்கள் வரிசையாக வரும். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். இதற்கும் சிங்கிள் பாங்குதான் காரணம். ப்ராம்ப்ட்டில் ஒரு கோவையைத் தட்டினால் அதன் மதிப்பு தானாகத் திரையில் வரும். 2 + 3 என்றால் 5 என்று வருவது இதனால்தான். இந்தப் பழக்கம் லூப்பின் உடலுக்குள்ளும் தொடர்கிறது, ஒவ்வொரு சுற்றிலும். ‘ரைட்’ என்பது எத்தனை எழுத்து எழுதினேன் என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும், ப்ராம்ப்ட் அதைக் காட்டிவிடும். ‘வீசை’ என்று எழுதினால் 4 வரும். நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கோ வகரமும் அதன் துணைக்குறியும், சகரமும் அதன் துணைக்குறியுமாக நாலு. அந்த எண்கள் வேண்டாம் என்றால் வந்த மதிப்பை ஏதாவது ஒரு மாறியில் போட்டுவிட்டால் போதும். ஃபைலாக ஓட்டினால் இந்த எண்கள் வரவே வராது.

ப்ராம்ப்ட்டில் இன்னொன்று மனதில் இருக்க வேண்டும். மாறிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மேலே சொன்ன கூட்டல் லூப்பைச் சரியாக ஓட்டினால் மொத்தம் 24495 வரும். அம்புக்குறி விசையால் லூப்பை மட்டும் மீட்டெடுத்து மறுபடி ஓட்டினால் 48990. மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் வரி லூப்புக்கு வெளியே இருக்கிறது, அது திரும்ப ஓடவில்லை. கடைக் கணக்கில் இப்படி இரட்டிப்பானால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் தொடக்க மதிப்பையும் லூப்பையும் ஒரு ‘டெஃப்’ செயற்கூற்றுக்குள் சேர்த்து வைப்பதையே நான் சொல்லித்தருவேன். எத்தனை தடவை அழைத்தாலும் புதிதாகத் தொடங்கும்.

மீட்டெடுப்பதும் பழைய ப்ராம்ப்ட்டில் வேதனைதான். மேல் அம்பு ஒவ்வொரு வரியாகத்தான் திருப்பித் தரும். ஏழு வரி லூப்பில் மூன்றாவது வரியில் ஒரு எழுத்து பிசகினால் ஏழையும் வரிசையாக மீட்டு, மறுபடி என்டர், என்டர். பாஷ் ஷெல் இதில் கெட்டி. பல வரியில் எழுதிய லூப்பை அரைப்புள்ளி போட்டு ஒரே வரியாக்கித் திருப்பித் தரும்.

இதில் நம் ஊர்க் கவலை ஒன்றும் சேர்கிறது. மேசைக் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ப்ராம்ப்ட்டில் இருந்த எல்லா மாறிகளும் போய்விடும். தட்டிய வரிகளாவது மிஞ்சுமா என்றால், லினக்ஸில் பழைய பைத்தான் அவற்றை ஒழுங்காக வெளியேறும்போதுதான் வட்டில் எழுதும். விண்டோஸில் அதுவும் இல்லை. ஐபைத்தான் இதைவிடப் பத்திரமானது. ஃபெர்னாண்டோ பெரஸ் 2001-இல் தொடங்கிய இந்த ப்ராம்ப்ட், தட்டியவற்றை ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேர்த்துக்கொண்டே வரும். பல வரி லூப்பையும் ஒரே துண்டாக மீட்டுத் தரும். மின்வெட்டு அட்டவணையை நம்பி நடக்கிற வகுப்புகளுக்கு ஐபைத்தானைத்தான் பரிந்துரைப்பேன்.

2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்த்திருக்கிறது. பைபை என்ற வேறொரு பைத்தான் திட்டத்தில் உருவான நிரலை அடிப்படையாகக் கொண்டு ப்ராம்ப்ட்டையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். மேல் அம்பைத் தட்டினால் லூப் முழுவதும் ஒரே துண்டாக வருகிறது. உள்ளே போய் எந்த வரியையும் திருத்தலாம். இன்டென்ட் தானாக விழுகிறது. லூப்பும் அதை அடுத்த ‘பிரிண்ட்’ வரியும் சேர்ந்த துண்டையும் ஏற்றுக்கொள்கிறது. எஃப்3 விசையைத் தட்டிவிட்டு ஒட்டினால் நடுவில் வெற்று வரி இருந்தாலும் பாதகமில்லை. முடிவைச் சொல்ல வெற்று வரி வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

ஆனால் விண்டோஸ் 7 லேப்டாப்களில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. அப்படிப்பட்ட கணினி வைத்திருக்கிறவர்கள் கறுப்புத் திரையை விட்டுவிட்டு, பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் என்ற எழுதுதளத்தைத் திறக்கலாம். அதில் ஆல்ட்டோடு பி தட்டினால் முந்தைய லூப் முழுசாக வந்துவிடும். ஜூபிட்டர் நோட்புக் போட வசதி இருந்தால் இன்னும் நல்லது. அங்கே என்டர் என்றால் அடுத்த வரி, ஷிஃப்ட்டோடு என்டர் என்றால் ஓட்டு. முடிந்ததா இல்லையா என்பதை எழுதுகிறவரே விசையால் சொல்லிவிடுவதால் கணினி எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பைத்தானுக்குள் போகாமல் ஷெல்லிலிருந்தே ஒரே வரியில் ஓட்டுகிறவர்களுக்கு. பைத்தான் என்ற கட்டளைக்குப் பின் ‘மைனஸ் சி’ என்று கொடுத்து, மேற்கோளுக்குள் ‘இம்போர்ட்’ (வேறு நிரல் தொகுதியைக் கொண்டுவரும் வரி) ஒன்றை எழுதி, அரைப்புள்ளி போட்டு, லூப்பைத் தொடங்கினால் சின்டாக்ஸ் எர்ரர் வரும். அரைப்புள்ளியால் சேர்க்கக்கூடியவை எளிய கூற்றுகள் மட்டும். லூப், இஃப், டெஃப் போல முக்காற்புள்ளியோடு உடல் கொண்டவை அரைப்புள்ளிக்குப் பின்னால் வரக்கூடாது என்பது இலக்கணம். இதைத் தாண்ட ஏதேதோ தந்திரங்கள் சொல்வார்கள், அவை தேவையில்லை. பாஷில் ஒற்றை மேற்கோளைத் திறந்துவிட்டு என்டர் தட்டுங்கள். மேற்கோள் மூடாததால் பாஷே ஒற்றைக் கூர்முனையோடு காத்திருக்கும். ‘இம்போர்ட்’ ஒரு வரி, லூப் ஒரு வரி, உடல் ஒரு வரி என்று ஃபைலில் எழுதுவது போலவே எழுதி, மேற்கோளை மூடி என்டர் தட்டினால் அத்தனையும் முழு நிரலாகப் பைத்தானுக்குப் போய்ச் சேரும். அது எக்ஸெக் பாங்கில் ஓடுவதால் வெற்று வரியும் வேண்டாம், லூப்பை ஒட்டியே ‘பிரிண்ட்’ வந்தாலும் பிழை வராது.